அரைப்பேர்

பத்திரிகைத் தொழிலுக்குப் பயிற்சி வேண்டுமா என்று வினவுவாரை இக்காலத்திற் காண்டல் அரிது. கொழும்பில் 2004 ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் வகுப்பு நடத்தியமை மகிழத்தக்கதே. ஆயின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து செய்தி எழுதுவோருட் பலர் வேறொரு தொழிலால் வயிறு வளர்ப்பவர். அச்சேறும் செய்திக்கே சிறு தொகை பெறுபவர். தலைநகரில் மாதக்கணக்கில் தங்கிப் பயில அவர்களால் இயலுமா?

என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் கேகாலைப் பக்கத்துத் தோட்ட நிருபராக இருக்கின்றார். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், அடிப்படை 900 ரூபாவும் படி 100 ரூபாவுமாக வர்த்தமானியில் வெளிவந்ததன்றோ? அதன்பின் ஒருநாள், தம் தோட்டத்தில் நாற்பது பெண்களுக்கு ‘அரைப்பேர்’ போட்டார்கள் என்று அவர் எழுதியனுப்பினார். தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒருநாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் பதிவு. குறித்த அளவு கொழுந்து நிறையாவிடின் பேர் பாதியாகும், கூலியும் பாதியாகும். ஆயிரம் ரூபா என்ற தலைப்புக்குள் மறைந்து கிடந்த உண்மை அதுவே.

கொழும்பில் அச்செய்தியைத் திருத்திய உதவி ஆசிரியர் இச்சொல்லை அறியார். நாற்பது பெண்களுட் பாதிப் பேருக்குச் சம்பளமே இல்லை என்று செய்தி வெளிவந்தது. நிருவாகம் சம்பளப் பதிவேட்டைக் காட்டி எளிதாக மறுத்தது. எல்லாருக்கும் சம்பளம் கொடுக்கப்பட்டிருந்ததே! பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. அப்பெண்களோ பொய்யெழுதித் தங்கள் வழக்கைக் கெடுத்தவன் என்று அவரையே ஏசினர்.

அவ்வுதவி ஆசிரியரை இகழ எனக்கு வாயில்லை. மூலப்பிரதியை மாணவர் காட்டியபொழுது, ‘பேர்’ கொச்சை, ‘பெயர்’ என்று எழுதியிருக்க வேண்டாவோ என்றே நானும் முதலிற் கேட்டேன். பண்டிதம் செய்யும் வேலை!

1924 இல் ‘தேசபக்தன்’ தொடங்கிய கோ. நடேசையர், அதற்கு முன்னரே துணி வியாபாரிபோல் வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் புகுந்து நிலைமையை அறிந்தவர் என்பர். இன்றைய உதவி ஆசிரியருக்கு வேடம் வேண்டா. ஆண்டிற்கு ஒரு வாரம் கொழுந்து நிறுக்குமிடத்தில் நிற்கட்டும். சம்பளச் சீட்டொன்றை வரிவரியாகப் படிக்கட்டும். பால்வெட்டுவாரோடு விடியற்காலையில் இறப்பர் மலைக்குச் செல்லட்டும். தோட்ட நிருபரும் ஒரு மாதம் படியோடு ஆசிரிய பீடத்தில் அமரட்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தொழில் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதும் வகையை அங்கே கற்றுக்கொள்வாராயின், நிருவாகத்தின் மறுப்புக்கு அஞ்ச வேண்டியிராது.

செலவென்று முதலாளிமார் கூறுவர். வருத்தம் தெரிவித்தலும் ஒரு செலவுதான். அதைப் பத்திரிகையா கொடுத்தது?

என் மாணவர் இப்பொழுதும் எழுதுகின்றார். தோட்டச் சொல் வருமிடமெல்லாம் அடைப்புக்குறிக்குள் அதன் பொருளையும் எழுதியனுப்புகின்றார். இடம் போதாதென்று அடைப்புக்குறிகளை முதலில் நீக்கிவிடுகின்றார்களாம்.