திண்டுக்கல் ஒப்பந்தம் ஒரு கம்பெனியோடு நின்றுவிடலாமா?

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேறெந்த மாநிலமும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கட்டணமில்லாப் பேருந்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகள், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் என அரசு செய்திருப்பதும் குறைவில்லை. ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒரு பெண்ணைக் கம்பெனி வாசல்வரை கொண்டுவந்து விடுகின்றன. வாசலுக்கு உள்ளே அவளுக்கு என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு உருப்படியான ஒரு பதில் கிடைத்தது, திண்டுக்கல் மாவட்டத்தில். அந்தப் பதிலுக்கு ஓர் உயிர் விலையாகப் போனது.

2021 ஜனவரியில், அம்மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பல மாதங்களாகவே அவர் தொல்லை கொடுத்துவந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அதன் பிறகு அதே தொழிற்சாலையின் வேறு பெண்களும் வாய் திறந்தார்கள். அங்கே தைக்கப்பட்ட உடைகள் எச் அண்ட் எம் போன்ற உலகப் பெயர் பெற்ற கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அப்போது சட்டம் இல்லாமல் இல்லை. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாகவே ஆகிவிட்டன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்கு ஒரு பெண் தலைமை தாங்க வேண்டும். வெளியாள் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். சட்டம் வந்து பத்தாண்டு கழித்து, 2023 மே மாதம், அதை நடைமுறைப்படுத்துவதில் பெருங்குறைகள் இருப்பதாக உச்ச நீதிமன்றமே வருத்தப்பட வேண்டியிருந்தது.

ஏன் இப்படி? பனியன் கம்பெனியின் ஒரு லைனை நினைத்துப் பார்த்தால் விளங்கும். மணிக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு வைப்பவர், லீவு கொடுப்பவர், கழிப்பறைக்குப் போய்வர அனுமதிப்பவர், ஓவர்டைமுக்குப் பெயர் எழுதுபவர் எல்லாம் ஒரே சூப்பர்வைசர்தான். புகார்க் குழுவில் இருப்பவர்களோ நிர்வாகம் நியமித்தவர்கள். வீட்டில் தவணைக் கடன் இருக்கிறது. புகார் செய்தால் நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. ஊருக்குத் தெரிந்தால் பெற்றோரே வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். தொல்லையைச் சகித்துக்கொண்டு சம்பளம் வாங்குவதா, சம்பளத்தை இழந்து மானத்தோடு வீட்டில் இருப்பதா என்ற இரண்டுக்கு நடுவே ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, அவள் கையில் வரும் பணத்தைப் பொருளாதார வலிமை என்று சொல்வது நியாயமே இல்லை.

இந்த நிலையை மாற்றியவர்கள், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தினர். ஆசிய தளக் கூலிக் கூட்டணியும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் துணை நின்றன. 2022 ஏப்ரலில், கொல்லப்பட்ட பெண் வேலை பார்த்த தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் இவர்களோடு திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. எச் அண்ட் எம் நிறுவனமும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. கேப், பிவிஎச் ஆகியவையும் பிறகு சேர்ந்தன. பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்க ஆசிய ஆடைத் தொழிலில் ஏற்பட்ட இத்தகைய முதல் ஒப்பந்தம் இது. சாதியை வைத்துப் பாகுபாடு காட்டுவதையும் இது தடை செய்தது.

இதன் செயல்முறை எளிமையானது. ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், லைனிலேயே வேலை செய்யும் பெண்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பக்கத்து மெஷினில் இருப்பவரிடமே புகார் சொல்லலாம். நிர்வாகம் தட்டிக்கழித்தால் புகார் அடுத்த கட்டத்துக்குப் போகும், அதிலும் தீராவிட்டால் ஆர்டர் கொடுக்கும் நிறுவனம் தன் வியாபார பலத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தீர்வு கிடைத்தது, பெரும்பாலானவற்றுக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே. புகாரே வராத தொழிற்சாலையை நல்ல தொழிற்சாலை என்று எண்ணிப் பழகியவர்கள் இந்த எண்ணிக்கையைத் திருப்பிப் படிக்க வேண்டும். அத்தனை பெண்களுக்குப் பேசத் துணிவு வந்தது என்பதே இதன் பொருள்.

நிர்வாகத்துக்கும் இதனால் ஆதாயம் கிடைத்தது. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை இந்தத் தொழிற்சாலைச் சரக்குகளைத் தடுத்து நிறுத்த ஆணையிட்டது. செப்டம்பர் தொடக்கத்திலேயே அந்தத் தடை நீங்கியது. கட்டாய உழைப்புப் புகாரில் இத்தனை விரைவாகத் தடை விலகுவது அபூர்வம். சீர்திருத்தத்துக்கான ஒப்பந்தம் கையில் இருந்தது அதற்குப் பெரிதும் உதவியது.

வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் ஆடிட்டர்களால் இது நடக்காதா என்று கேட்கலாம். 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அங்கிருந்த ஆலைகளில் சிலவும் இத்தகைய சோதனைகளைச் சந்தித்தவைதாம். பின்னர் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சட்டக் கட்டுப்பாடுள்ள உடன்படிக்கை செய்த பிறகே வங்கதேச ஆலைகளில் கதவுகளும் தீத்தடுப்புகளும் சரியாயின. ஆப்பிரிக்காவின் லெசோதோவில் ஜீன்ஸ் தைக்கும் பெண்களைக் காக்க 2019இல் ஏற்பட்ட ஒப்பந்தமும் இதே வழியில் வந்ததுதான். தானாக முன்வந்து தரும் வாக்குறுதிக்கும், மீறினால் பதில் சொல்ல வேண்டிய கையெழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த மூன்று நாடுகளும் காட்டிவிட்டன.

ஏற்றுமதியாளர்களின் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. ஒழுக்க விதிகளை அனுப்பும் அதே வெளிநாட்டு நிறுவனம்தான் அடுத்த பருவத்தில் ஒரு பீஸுக்கு விலையையும் குறைக்கச் சொல்கிறது. அந்த நெருக்கடி மேலாளர், சூப்பர்வைசர் வழியாகக் கடைசியில் தையல்காரப் பெண்ணின் தலையில்தான் விடிகிறது. ஆகவே பாதுகாப்புக்கான செலவை விலையில் சேர்த்துத் தர வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். இதைத் தனியொரு திருப்பூர் முதலாளி கேட்டால் ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். அரசு கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வர்த்தக உடன்பாட்டில் பாலினச் சமத்துவத்துக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. இந்திய ஆடைகளுக்கான இறக்குமதி வரியை நீக்கும் உடன்பாடு அது. வரிச் சலுகையின் பலன் தைக்கும் கைகளுக்கும் போய்ச்சேர, அந்த அத்தியாயத்தின் கீழ் திண்டுக்கல் முறையை இரு நாடுகளும் விரிவாக்கலாம்.

அதைவிட முக்கியமானது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை. 2019இல் நிறைவேறி, 2021இல் நடைமுறைக்கு வந்த இதற்கு இந்தியா இன்னும் ஏற்பு வழங்கவில்லை. நமது 2013 சட்டம் பாலியல் துன்புறுத்தலை மட்டும் பேசுகிறது. டார்கெட் முடியவில்லை என்று நூறு பேர் நடுவில் கேவலமாகத் திட்டுவதும் அடிக்கக் கை ஓங்குவதும் அதற்குள் வராது; 190ஆம் உடன்படிக்கைக்குள் வரும். கம்பெனி ஹாஸ்டல், வேலைக்குப் போய்வரும் வழி, பயிற்சியாளர்களாகச் சேர்க்கப்படும் பெண்கள் எல்லாமே அதன் வரம்பில் உண்டு. மூன்றாண்டு முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டிச் சிறுமிகளை நூற்பாலை ஹாஸ்டல்களில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டத்தைப் பார்த்த மாநிலத்துக்கு இதன் அருமை புரியாமல் போகாது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் பெண்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, இரவு ஷிப்டையும் திறந்துவிட்டிருக்கும்போது இந்த ஏற்பு மேலும் அவசரமாகிறது.

மாநில அரசு டில்லிக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஜவுளி ஆலைகளுக்கு அது மானியமும் நிலமும் தருகிறது. தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் லைன் கண்காணிப்பாளர்களும் சுதந்திரமான புகார் முறையும் உள்ள ஆலைக்கே மானியம் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். விருதுநகர் மாவட்டத்தில் 1,000 ஏக்கருக்கு மேல் பிரம்மாண்டமான ஜவுளிப் பூங்கா வருகிறது. அங்கே முதல் ஆலைக்கு இடம் ஒதுக்கும்போதே இந்த நிபந்தனையையும் எழுதிவிட வேண்டும்.