தோட்டம் ஆக்கியவனுக்குத் தோட்டம் இல்லையா?

மாத்தளை மாவட்டத்தில் ‘தோட்டம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கிராமத்தவனுக்கு அது வீட்டைச் சூழ்ந்த சொந்த நிலம். மிளகும் கராம்பும் பலாவும் கமுகும் நிறைந்த முதுசொம். மலையகத் தமிழனுக்கோ அது பிறந்து, உழைத்து, மடியும் இடம். எனினும் அவனுக்கு உரித்தல்லாத இடம். ஒரே மலைச்சரிவில் இந்த வேற்றுமை எவ்வாறு விளைந்தது?

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், உறுதி காட்ட இயலாத காடுகளையும் தரிசுகளையும் ஆங்கிலேயர் முடிக்குரிய நிலமாக்கினர். அக்காலத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்றனர். வாங்கியவருள் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர்! அந்நிலத்தைக் கோப்பித் தோட்டமாக்கத் தமிழகத்திலிருந்து வந்தவன் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தான். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். சிங்களக் குடியானவன் நிலத்தை இழந்தான். தமிழ்த் தொழிலாளி நிலமே பெறாது உழைத்தான். இருவரையும் பகைவராக்கிப் பேசுவோர் இவ்வரலாற்றை மறைக்கின்றனர்.

1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. பின்னர்த் தேயிலை, கொக்கோ, இறப்பர் வந்தன. பயிர் மாறியது, பாடுபட்ட கை மாறவில்லை.

“அவர்கள் கூலியாட்கள், கமக்காரர் அல்லர், காணியைக் கொடுத்தால் காக்க அறியார்” என்பர் சிலர். நாம் கேட்கின்றோம்: தவறணையில் நாற்றை வளர்ப்பவன் யார்? சரிவில் மண் கரையாதபடி கான் வெட்டுபவன் யார்? எதை விட்டு எதைக் கழிப்பதென்று அறிந்து கவ்வாத்து வெட்டுபவன் யார்? பட்டையைக் கெடுக்காமல் இறப்பர்ப் பால் வெட்டுபவன் யார்? லயத்துக்குப் பின்னால் கையகல நிலத்தில் காய்கறி விளைவித்து, மாடு வளர்த்துப் பால் விற்பவன் யார்? இவை உழவுத் தொழில் அல்லவெனில் உழவு என்பதுதான் யாது? கமக்காரப் பெருமக்களே, நீங்களே தீர்ப்பளியுங்கள்!

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. உழுபவனுக்கு நிலம் கிடைக்குமென்றால் முதற்பங்கு எவனுக்கு உரியது? அவனோ பல தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் தஞ்சம் புகுந்தான். 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. வாக்குச்சீட்டு வந்தது, பெரும்பாலோருக்குக் காணி உறுதி வரவில்லை.

வீடு கட்ட ஏழு பேர்ச் தருவதே பெருங்கொடையாகப் பேசப்பட்டது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். அன்று துரைக்கு ஐந்து ஷில்லிங்குக்கு ஓர் ஏக்கர். தலைமுறை தலைமுறையாக உழைத்தவனுக்கோ அதில் இருபதில் ஒரு பங்கும் தர முன்வரவில்லை! இது கொடையா, ஏளனமா?

2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நினைவு நடைப்பயணம், மூதாதையர் நடந்த வழியைத் தொடர்ந்து, ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. இருநூறு ஆண்டுப் பெருமையைப் பலரும் பேசினர். அதே மாதத்தில், அதே மாவட்டத்தின் இரத்வத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடும்பமொன்றின் தற்காலிகக் குடில் தோட்ட அதிகாரியால் இடிக்கப்பட்டதை நாடே கண்டது. உறுதி இல்லாதவன் கூரை எவ்வளவு நிலையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாத்தளையில் இன்றும் அரச நிறுவனங்களின் பொறுப்பில் தோட்டங்கள் உள்ளன. அவற்றில் பயிரழிந்து புதர் மண்டிய நிலத்தை, வெளியார் எவருக்கும் வழங்குமுன், அங்கு வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். வீட்டு நிலமும் விளைநிலமும் சேர்த்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுத வேண்டும். தமிழ்ச் சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் ஆசிரியர்களும் மேடையில் அனுதாபம் பேசியது போதும். வரைபடத்தோடும் விண்ணப்பத்தோடும் லயங்களுக்குச் செல்லட்டும்.

மலையைத் தோட்டமாக்கிய மக்கள் பிச்சை கேட்கவில்லை. பங்கு கேட்கின்றனர்!