வாதமும் மத்தியஸ்தமும்

இந்நாளில் மேடைதோறும் வாதங்களுக்குக் குறைவில்லை. குறைந்திருப்பவர் இரு கக்ஷிகளையும் நிறுத்துப் பார்க்கும் மத்தியஸ்தரே. எதிர்க்கக்ஷியாரை மட்டும் குறித்து நாம் இதைச் சொல்லவில்லை.

தலைவர் ஒருவரின் செய்கையை எவரேனும் கண்டித்தால், உடனே ‘துரோகி’ என்ற பட்டம் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால், துரோகிகள் கண்டிக்கிறார்கள், இவரும் கண்டிக்கிறார் என்பதே விடை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். நெருப்பைக் கண்டு புகையை ஊகிக்கலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. தர்க்கம் பயிலும் சிறுவரும் அறிந்த உதாரணம் இது. கண்டனம் துரோகியிடமும் பிறக்கும். உற்ற நண்பனிடமும் பிறக்கும். இவ்வாறு இருபுறமும் செல்லும் ஏதுவை அநைகாந்திகம் என்று மணிமேகலையின் 29-ஆவது காதை விலக்குகிறது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று வாதக் குற்றங்களைத் தமிழிலேயே வகுத்து வைத்திருக்க, நாமோ 33-ஐயும் மேடையில் ஏற்றிக் கைதட்டுகிறோம்!

புதுக் கம்பளி உடையவன் என்ற கருத்தில் ஒருவன் ‘நவகம்பளன்’ என்றால், மற்ற எட்டுக் கம்பளிகள் எங்கே என்று மடக்குவதை நியாய நூலார் சலம் என்றனர். தன் கக்ஷியை நாட்டாது பிறர் கக்ஷியை இடிப்பது மட்டுமே விதண்டை. முளையைக் காக்கும் முள்வேலிபோல, உண்மையைக் காக்க இதையும் கௌதமர் ஓரளவு அநுமதித்தார். நம் பிரசங்கிகளோ வேலியைப் போட்டுவிட்டு விதைக்க மறந்துவிடுகிறார்கள்.

இனி, கேட்போர் விஷயம். சரக ஸம்ஹிதை வைத்திய நூலே. எனினும் ஸபையை நட்பு, நடுநிலை, பகை என்று பிரித்து, பகைச் ஸபையில் எவரோடும் வாதிக்கவேண்டாம் என்கிறது. தீர்ப்பு முன்பே முடிந்துவிட்ட இடத்தில் ஏதுவுக்கு என்ன வேலை? சங்கரருக்கும் மண்டனமிசிரருக்கும் நடந்த வாதத்தில் மண்டனரின் மனைவி உபயபாரதியே மத்தியஸ்தர் என்று மாதவீய சங்கர விஜயம் கூறும். தோற்றால் மண்டனர் துறவு பூணவேண்டும் என்பது நிபந்தனை. கணவர் தோற்றார் என்று அவ்வம்மையார் சொன்னார். சரித்திரமோ, கர்ணபரம்பரையோ, நடுநிலைமைக்கு என்ன விலை என்பதை அக்கதை மறைக்கவில்லை.

அவ்வளவு விலையை நாம் நம் அன்பர்களிடம் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நம் பக்கத்துப் பிரசங்கி ‘துரோகி’ என்று முழங்கி அமரும்போது, காரணம் யாது என்று முதலில் எழுந்து கேட்பவர் நம் பக்கத்தாராகவே இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.