சிரித்தோம், சரி! சிந்தித்தோமா?

கொட்டகையே குலுங்கச் சிரித்தது. முன் வரிசையிலே இருந்த சிறுவர் சிரித்தனர். பின் வரிசையிலே இருந்த முதியோர் சிரித்தனர். சிரித்த கண்கள் சிறிது நேரத்தில் கசிந்தன. 2025 மே முதல் நாள் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்னும் படத்தைத் திருவண்ணாமலையிலே மக்களோடு மக்களாக அமர்ந்து நாமும் பார்த்தோம். நாமும் சிரித்தோம், நாமும் கலங்கினோம். அதற்காக வெட்கப்படவில்லை. சிரித்துவிட்டு எழுந்து சென்றோமே, அதற்காகத்தான் வெட்கப்படுகிறோம்!

இளைஞர் அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதற்படம் இது. பஞ்சம் துரத்த, ஈழத்திலிருந்து படகேறி இராமேசுவரம் கரையிலே இறங்குகிறது ஒரு குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். மிதுன் ஜெய்சங்கரும் கமலேசும் பிள்ளைகள். சென்னையிலே ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ வேண்டும். எவரிடமும் பேசாதே, பேசினால் யாழ்ப்பாணத் தமிழ் வெளிப்பட்டுவிடும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. பேசுவது தமிழ், பேசும் ஊர் தமிழ்நாடு, ஆயினும் அந்தத் தமிழே அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடும்! இந்த முரணிலே பிறக்கிறது நகைச்சுவை. வாயாடி இளையவனின் குறும்பு நம்மைச் சிரிக்க வைக்கிறது; தந்தைமேல் மனத்தாங்கலோடு முகம் திருப்பிக்கொள்ளும் மூத்தவனின் மௌனம் நம்மைச் சுடுகிறது.

பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. முதல் மீசை, முதல் காதல், தந்தையோடு முதல் பூசல் — இவையே அக்கதைகளின் சரக்கு. குடும்பமும் ஊர் வழக்கப்படி அமைந்த குடும்பமாக இருக்கும். இந்தப் படத்தின் குடும்பமோ, அப்பன் உண்டு, அம்மை உண்டு, அன்பும் உண்டு. நாடு மட்டும் இல்லை! 'வழக்கமில்லாக் குடும்பம்' என்று இதைவிட எதைச் சொல்வது?

படம் முடிந்தது, விளக்கு எரிந்தது. வெளியே வந்தால் மலை நிற்கிறது. முழுநிலா நாளிலே அதைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறது பெருங்கூட்டம். அந்த வழியிலே அடி அண்ணாமலை என்றோர் ஊர். அந்த ஊரிலே இருக்கிறது இலங்கைத் தமிழர் முகாம். படத்துக் குடும்பத்தைக் காணச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றோமே, அதே குடும்பம் நம் ஊரின் எல்லையிலே ஆண்டுக்கணக்காக வாழ்கிறது. அதைக் காண எத்தனை பேர் நின்றோம்? எத்தனை பேர் திரும்பியேனும் பார்த்தோம்?

1983-ஆம் ஆண்டின் இனக்கொலைக்குப் பின் வந்தவர்கள், அடுத்தடுத்த போர்களின்போது வந்தவர்கள், அவர்களுடைய மக்கள், மக்களின் மக்கள் எனத் தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருப்பதாக 2021-இல் மாநில அரசு சட்டமன்றத்திலே கணக்குச் சொன்னது. முகாமுக்கு வெளியே பதிந்து வாழ்வோர் இன்னும் 34,000 பேர்.

அந்த முகாம்களிலே வளரும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 2007-இல் தமிழ்நாட்டு மருத்துவமனையிலே பிறந்தவன். தமிழ்நாட்டுப் பள்ளியிலே குறள் படித்தவன். இலங்கை என்பது அவனுக்குப் பாட்டி சொன்ன கதை. கடலைக்கூட அவன் கண்டதில்லை. 2025-இல் அவனுக்கு 18 வயது. அவனோடு ஒரே பலகையிலே அமர்ந்து படித்தவன் வாக்காளர் அட்டை வாங்குகிறான். அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறான். கடவுச்சீட்டுக்கு எழுதிப் போடுகிறான். இவனுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. நம் பிள்ளைகள் 18 வயதிலே குடிமகன் ஆகிறார்கள். இவனோ அந்த வயதிலேதான் தான் அயலான் என்று அறிகிறான்! இதுதான் இவன் ஆளாகும் கதை. இதிலே எங்கே சிரிப்பது?

"சட்டம் அப்படி இருக்கிறதே!" என்பர் சிலர். சட்டத்தையே பார்ப்போம்.

1987 சூலை 1-க்கு முன் இம்மண்ணிலே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும் என்றனர். 2004 திசம்பர் முதல், ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றனர். முகாமிலே மலர்ந்த காதலை ஊர் ஏற்றுக்கொண்டு மணம் முடித்து வைத்தாலும், அந்த மணத்திலே பிறந்த மழலையைச் சட்டம் தள்ளி வைக்கிறது! தொட்டிலிலே கிடக்கும் பிள்ளை எந்தச் சட்டத்தை மீறியது?

சட்டத்தின் பக்கம் நிற்பவருக்கேனும் நீதி எளிதிலே கிடைத்ததா? 1986-இல் மண்டபம் முகாமிலே பிறந்த ஒரு பெண், சட்டப்படி பிறப்பாலேயே குடிமகள். அவர் கடவுச்சீட்டுக் கேட்டபோது மறுத்தனர். 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்ட பின்னரே கிடைத்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலிலேதான் அவர் முதன்முறையாக வாக்களித்தார். பிறந்த நாளிலேயே கிடைத்திருக்க வேண்டிய உரிமையை மெய்ப்பிக்க அரை வாழ்நாள்!

சட்டம் மாற்ற முடியாத கல்வெட்டுமன்று. 1964-இல் சிறிமாவோ – சாத்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிசுதான், வங்காளதேசம், ஆப்கானிசுதான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்குக் கதவைத் திறந்தார்கள். இலங்கையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மனம் இருந்தபோது சட்டம் வளைந்தது. தமிழன் வந்து நின்றபோது மட்டும் அது இரும்புத் தூணாயிற்று!

2025 மே மாதம். படம் அரங்குகளிலே ஓடிக்கொண்டிருந்த அதே மாதம். தண்டனைக் காலம் முடிந்த ஓர் ஈழத்தமிழர், தம்மை நாடு கடத்தலாகாது என உச்சநீதிமன்றத்திலே வேண்டினார். உலகத்து ஏதிலிகளையெல்லாம் ஏற்க இந்தியா ஒரு தரும சத்திரம் அன்று என்று நீதிபதி கூறினார், மனு தள்ளுபடியாயிற்று. அந்த ஒரு வழக்கின் நன்மை தீமையை நாம் ஆராயப் புகவில்லை. அந்தச் சொல்லைத்தான் எண்ணிப் பார்க்கிறோம். சத்திரமா என்றா கேட்கிறீர்கள்? திருவண்ணாமலைக்கு வந்து பாருங்கள்! தெருத்தோறும் சத்திரம், மடம், ஆசிரமம். கடல் கடந்து வந்த வெள்ளையர் இங்கே மாதக்கணக்கிலே வீடெடுத்துத் தங்குகிறார்கள். அவர்கள் வரட்டும், வாழட்டும், நமக்குக் காழ்ப்பில்லை. மொழி அறியாதவருக்கு மனையும் மரியாதையும் தரத் தெரிந்த ஊருக்கு, தாய்மொழியால் உடன்பிறந்தவருக்கு ஓர் உரிமைச் சீட்டு வாங்கித் தரக் குரல் எழவில்லையே என்பதுதான் நம் நோவு.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. 2021-இல் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, உதவித்தொகையை உயர்த்தியது, பழுதான குடில்களுக்கு மாற்றாகப் புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது. 2025 செப்டம்பரிலே ஒன்றிய அரசு, 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்லவை, வரவேற்கிறோம். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 'உன்னைத் தண்டிக்கமாட்டேன்' என்பது இரக்கம், 'நீ எம்மில் ஒருவன்' என்பதே உரிமை. இரக்கத்தை உண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தாயிற்று; நான்காம் தலைமுறைக்கேனும் உரிமை வேண்டாமா?

பழியை எல்லாம் தில்லியின் தலையிலே போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியுமா? கணியன் பூங்குன்றனை மேடைதோறும் முழங்குகிறோம். முகாம் முகவரி சொன்னால் வாடகைக்கு வீடு தரத் தயங்குகிறோம். ஈழத்துப் பாட்டைச் சுவைக்கிறோம். ஈழத்துப் பெண்ணை மருமகளாக்க யோசிக்கிறோம். எங்கோ ஒரு குற்றம் நடந்தால் முதல் ஐயத்தை முகாமின்மீது வீசுகிறோம். படத்திலும் அந்த ஐயம் வருகிறது. அதைக் கண்டு கொதித்த நாம், படத்துக்கு வெளியே அதையேதான் செய்கிறோம்!

அந்தப் படத்தின் முடிவை நினைவுகூருங்கள். குடும்பத்தைத் தேடிக் காவலர் வருகின்றனர். குடியிருப்பு மக்கள் காட்டிக் கொடுக்கவில்லை. எல்லாரும் ஈழத்தமிழிலேயே பேசி அவர்களைத் தம்முள் மறைத்துக் கொள்கின்றனர். அரங்கம் கை தட்டியது. அது பொய்யான கைதட்டல் அன்று. நம் மக்களின் நெஞ்சிலே ஈரம் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அந்த ஈரம் கொட்டகை வாயிலோடு காய்ந்துவிடக் கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டத்தைத் திருத்துக என்று நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், வாக்கில்லாதவருக்காக என்ன செய்தீர் என்று கேளுங்கள். அடுத்த முழுநிலா நாளிலே மலையைச் சுற்றுவோர் அடி அண்ணாமலையில் சற்றே நில்லுங்கள். அங்கே 18 வயது நிரம்பிய ஒரு பிள்ளை நிற்பான். அவன் பேசுவது தமிழ். படத்துப் பிள்ளைக்குக் கை தட்டினோமே, இவனுக்காகக் குரல் கொடுப்போமா?