பழைய படமா? முழுசாப் பாருங்க!

வீட்டுக்குப் பெரிய டி.வி. வந்ததும் முதல் வேலையாக ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பெரியவர்கள் இன்றும் உண்டு. படம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் ஒரு புகார் எழும்: “ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே, இத்தனை காசு கொடுத்து வாங்கினது எதுக்கு?” பேரன் ரிமோட்டை வாங்கி ஒரு பட்டனை அழுத்துவான். கறுப்புப் பட்டைகள் மறைந்து திரை நிறைந்துவிடும். எல்லோருக்கும் திருப்தி. ஆனால், பத்மினியின் பாதங்கள் காணாமல் போயிருக்கும்!

இதில் டி.வி.யின் தப்பு ஒன்றுமில்லை. கணக்குதான் வேறு. அந்தக் காலப் படங்களின் சட்டம் ஏறக்குறைய சதுரம். நான்கு பங்கு அகலம் என்றால் மூன்று பங்கு உயரம். தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973-ல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான். இன்றைய டி.வி.யோ 16-க்கு 9 என்ற அளவில் அகன்றது. பழைய படத்தை அதில் அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சத்தான் செய்யும். அந்தக் கறுப்பை நிரப்ப இரண்டே வழி. ஒன்று, படத்தைப் பக்கவாட்டில் இழுப்பது. அப்போது அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடி, ஒல்லி நாகேஷ்கூடப் பூசினாற்போல் தெரிவார். இன்னொன்று, படத்தைப் பெரிதாக்குவது. அப்போது மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் வெட்டுப்படும்.

கால் பங்குதானே என்று விட்டுவிட முடியாது. பரதத்தில் கண்ணுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை காலுக்கும் உண்டு. ஷண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்துக்கு மோகனா ஆடும் காட்சியில் ஏ.பி.நாகராஜன் கேமராவைத் தள்ளி வைத்துத் தலை முதல் சலங்கை வரை காட்டுகிறார் என்றால், அத்தனையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். கறுப்புப் பட்டை வீண் இடம் அல்ல. படத்தைத் தாங்கி நிற்கிற சுவர்.

ஆகவே, பழைய படம் பார்க்க உட்காருமுன் டி.வி.யின் ‘பிக்சர்’ செட்டிங்கில் ‘4:3’ அல்லது ‘ஒரிஜினல்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சினிமா விநாடிக்கு 24 படங்களாக ஓடுவது. பல புது டி.வி.க்கள் நடுநடுவே தாமாகவே படங்களைச் செருகி, எல்லாவற்றையும் வழுவழுவென்று சீரியல்போல் ஆக்கிவிடுகின்றன. ‘மோஷன்’ என்ற பெயரில் வரும் அந்த வசதியையும் அணைத்துவிடலாம். ‘தில்லானா’வில் கேட்பது மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். டி.வி.யின் சின்ன ஸ்பீக்கரில் அது பீப்பி மாதிரிதான் கேட்கும். வீட்டில் ஒரு நல்ல ஸ்பீக்கர் சும்மா கிடந்தால் இணைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு–வெள்ளைப் படமென்றால் அறை விளக்கையும் அணைப்பது நல்லது. எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) படத்தை அப்படிப் பார்க்க வேண்டும். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறார். யார் கொன்றது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் சிவாஜி ஒவ்வொரு விதமாகத் தெரிகிறார். பாதி ரகசியம் நிழலில்தான் இருக்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் அந்த நிழல்கள் வெறும் சாம்பல் பூச்சாகிவிடும்.

அளவு சரியாக இருந்தாலும், துண்டு துண்டாகப் பார்த்தால் படம் பார்த்த மாதிரி ஆகாது. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் பாலையாவுக்கு நாகேஷ் பேய்க் கதை சொல்லும் காட்சியை செல்போனில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால், அந்த அப்பாவுக்குப் பணம்தான் உயிர், பிள்ளைக்கோ ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’தான் உயிர் என்பதை முன்கதையோடு பார்த்து வந்தவருக்கு அந்தக் காட்சி இரண்டு மடங்கு சிரிப்பு. சொல்கிறவரைவிடக் கேட்கிறவரின் முகத்தில்தான் நகைச்சுவை என்பதும் அப்போதுதான் பிடிபடும். ஸ்ரீதர் அதற்கு எத்தனை நேரம் அடித்தளம் போட்டிருக்கிறார் என்பது மூன்று நிமிடத் துண்டில் தெரியாது.

ஒரு படத்துக்கு இத்தனை மரியாதை தேவையா என்று கேட்கலாம். தேவை என்று வாழ்ந்து காட்டியவர் பி.கே.நாயர். திருவனந்தபுரத்துக்காரர். சின்ன வயதிலேயே சினிமா டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்த ரசிகர். புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்ந்து, 1991-ல் ஓய்வு பெறும்வரை ஆயிரக்கணக்கான படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் இன்று கொஞ்சமாவது பார்க்கக் கிடைக்கிறது என்றால் அதில் அவருடைய பங்கு பெரிது. அவர் வருவதற்குள் அழிந்துபோனவையோ ஏராளம். இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 மௌனப் படங்களில் மிகச் சிலவே மிஞ்சின. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக எடை போட்டு விற்றவர்களும் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று யாரும் பார்க்க முடியாத படம். டி.பி.ராஜலட்சுமி அதில் எப்படிப் பாடினார், எப்படி நடந்தார் என்று சொல்லப் பிரதி ஒன்றுகூட இல்லை.

அன்று பெட்டிகளில் கிடந்து அழிந்தன. இன்று வேறு விதமாக அழிகின்றன. இழுத்தும் வெட்டியும், பாட்டுகளை நீக்கியும், மூலையில் பெரிய முத்திரை குத்தியும் கைமாறுகிற பிரதிதான் அடுத்த தலைமுறைக்கு ‘அந்தப் படம்’ என்று ஆகிவிடும். மூலப் பிரதி பாழாகிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியிருக்காது. எனவே, ஒரே படத்துக்கு நான்கைந்து பிரதிகள் கிடைத்தால், முழு நேரமும் முழுச் சட்டமும் உள்ள பிரதியைத் தேடிப் பாருங்கள். படத்தின் உரிமைக்காரர்களே வெளியிட்டது இருந்தால் அதற்கே முதல் இடம். அதைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த படத்தையும் சுத்தம் செய்து வெளியிட அவர்களுக்கு மனம் வரும்.

குழந்தைகளுக்குப் பொறுமை இருக்காதே என்று தயங்க வேண்டாம். முதல் நாளே அழவைக்கும் படத்தைப் போடாமல், ‘காதலிக்க நேரமில்லை’யில் தொடங்கலாம். இடைவேளை வரும்போது நிறுத்தி, வீட்டிலும் ஒரு இடைவேளை விடலாம். முறுக்கு, காபி, அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு பந்தயம். தாத்தா எந்தக் கொட்டகையில், எத்தனை அணா டிக்கெட்டில் பார்த்தார் என்ற கதையும் அப்போது தானாக வரும். அந்தக் கதைக்கும் வேறு பிரதி கிடையாது.