கருணை வேண்டாம், கடனை அடையுங்கள்

"பிறருக்குக் கொடுப்பதில்தான் வாழ்க்கையின் நிறைவு இருக்கிறது" என்ற பேச்சு கல்லூரி விழா மேடையிலும் ரீல்ஸிலும் ஓயாமல் கேட்கிறது. கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் வாங்குகிறவர் எங்கே? கொடுக்கிறவரின் மனம் நிறைவதற்காக அவர் காலமெல்லாம் கையேந்தி நிற்க வேண்டுமா?

எங்கள் அனுமந்தை இருக்கும் மரக்காணம் கடற்கரையின் உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். காரை நிறுத்திப் படமும் எடுத்திருப்பீர்கள். பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதும், வெயிலில் உப்பை வாரி அம்பாரமாகக் குவிப்பதும் தினக்கூலிகள். உப்புநீரில் கால் புண்ணாகும், வெள்ளை வெளிச்சத்தில் கண் எரியும். மழை தொடங்கினால் வேலையே கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மாதங்களுக்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய்.

அந்த நேரத்தில் அரிசிப் பையோடு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பசித்த வீட்டில் அது உலையேறும். ஆனால் கூலி எவ்வளவு, பாத்தியோரம் குடிநீரும் நிழலும் கழிப்பறையும் உண்டா, நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்கத் தொடங்கினால் யாருக்காவது கோபம் வரும். அரிசி கொடுத்தால் யாருக்கும் கோபம் வராது. சேவைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் இதுதான்.

இந்தச் சண்டை பழையது. 1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தீண்டாமை ஒழிப்புக்காக ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பின்னாளில் அதுவே அரிஜன சேவக சங்கம். வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், நவம்பர் 14 அன்று அதன் செயலாளர் தக்கருக்குக் கடிதம் எழுதினார். தனிமனிதர்களைத் திருத்தும் வேலையில் பணத்தையும் ஆற்றலையும் கரைக்காதீர்கள். கிணற்றிலும் பள்ளியிலும் ஊர்ச்சாவடியிலும் சம உரிமையை நிலைநாட்டப் போராடுங்கள் என்பது அதன் சாரம். பதில் வரவில்லை. சங்க நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் கேட்டபோது, இது இந்துக்கள் செய்யவேண்டிய பிராயச்சித்தம், ஆகவே அவர்களே நடத்த வேண்டும் என்று காந்தி சொன்னதாக 1945இல் வெளியான தம் நூலில் அம்பேத்கர் எழுதுகிறார். பாவம் செய்தவரின் மனசாட்சிக்கு நடுவில் நாற்காலி, பாதிக்கப்பட்டவருக்கு வாசல்படி.

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. வீடு எரிந்தவருக்குப் போர்வை கொடுப்பது சுலபம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியும்வரை காவல்நிலைய வாசலில் நிற்பதும், சாட்சி சொல்கிறவரோடு வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைவதும் சுலபமல்ல. சாதி கடந்துவிட்டதாகச் சொல்லும் முற்போக்கு நண்பர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

படித்து மேலே வந்த நமக்கும் ஒரு கேள்வி உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் வந்தது. அது எவரும் போட்ட பிச்சையல்ல, இயக்கம் பிடுங்கித் தந்த உரிமை. என் ஆய்வு உதவித்தொகையும் பொதுப்பணம். சோப்பு வாங்கும்போது உப்பளத் தொழிலாளி கட்டும் வரியும் அதில் இருக்கிறது. 1956இல் ஆக்ராவில், படித்தவர்கள் தம்மை ஏமாற்றிவிட்டதாக அம்பேத்கர் வருந்தினார். அந்த வருத்தத்துக்கு அமைப்பு வடிவில் பதில் சொன்னவர் கன்ஷிராம். 1978இல் பாம்செஃப் தொடங்கியபோது அரசு ஊழியர்களிடம் அவர் கேட்டது நன்கொடையை மட்டுமல்ல. சமூகத்துக்குப் பட்ட கடனைப் பணமாகவும் நேரமாகவும் அறிவாகவும் அடைக்கச் சொன்னார். கடன் அடைக்கிறவர் யாரும் தன்னை வள்ளல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

அப்படியென்றால் மனநிறைவே கிடையாதா? உண்டு. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். அவர்களில் ஒரு பெண் சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் தானே வாதாடி வாங்கினாள். இப்போது தெருவில் மற்றவர்கள் விண்ணப்பத்தை அவள்தான் நிரப்புகிறாள், என்னைத் தேடுவதில்லை. அதில் எனக்கு வந்த மகிழ்ச்சி, நூறு பேர் நன்றி சொன்னாலும் வந்திருக்காது.

ஆகவே தோழர்களே, எதைக் கொடுக்கக் கிளம்பினாலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த வருடமும் இதே மனிதர் இதே வரிசையில் நிற்கத்தான் போகிறாரா? ஆமாம் என்றால், அரிசிப் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து அவருடைய கூலியைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.