மேற்கே போகும் கரடிகள்



இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒருவர் முதல் ஆறு மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டிய கேள்விகள் பல. வீடு எங்கே, வேலை என்ன, பிள்ளை எந்தப் பாடசாலை என்பவற்றோடு இன்னுமொரு கேள்வியும் உண்டு. அதை எந்தக் கந்தோர்ப் படிவத்திலும் காணமாட்டீர்கள். திங்கட்கிழமை காலையில் வேலைத்தலத்துத் தேநீர் அறையில் கேட்பார்கள்: "நீ எந்த ரீம்?" பாடசாலையில் பிள்ளைகளிடமும் இதையே கேட்பார்கள். அவர்கள் பின்னேரம் வீட்டுக்கு வந்து எம்மிடம் கேட்பார்கள்: "அப்பா, நாங்கள் எந்த ரீம்?"

சிட்னிக்கு வந்த புதிதில் நாம் இக்கேள்வியைச் சிரித்துச் சமாளித்தோம். ஊரில் எமக்கு உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் தெரியும். கண்டியிலும் கொழும்பிலும் இருந்தவர்கள் றக்பியும் பார்த்திருப்பார்கள். ஆனால் அங்கே ஆடியது பக்கத்துக்கு 15 பேர் ஆடும் றக்பி யூனியன். இங்கே நியூ சவுத் வேல்ஸிலும் குயீன்ஸ்லாந்திலும் சாதாரண சனங்கள் "புட்போல்" என்று சொல்வது பெரும்பாலும் றக்பி லீக்கைத்தான். இதில் பக்கத்துக்கு 13 பேர். ஆட்டம் 80 நிமிடம. பந்தை வைத்திருப்பவரை எதிரணி ஆறு தடவை மடக்கிப் பிடித்தால் பந்து கைமாறும். பந்தைக் கையால் முன்னுக்கு எறியக்கூடாது. கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிலத்தில் ஊன்றினால் 4 புள்ளி, பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 2 புள்ளி. இவ்வளவு தெரிந்தால் முதல் ஆட்டத்தைப் பார்க்கப் போதும்.

மெல்பேணிலும் அடிலெயிட்டிலும் பேர்த்திலும் கதை வேறு. அங்கே "புட்போல்" என்றால் பெரிய நீள்வட்ட மைதானத்தில் 18 பேர் ஆடும் அவுஸ்திரேலிய விதி ஆட்டம். மாநிலம் மாறினால் பந்தும் மாறும் நாடு இது. அப்படியான நாட்டில், சிட்னியில் செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த ஒரு லீக் கழகம் பேர்த்தில் மறுபடி எழும்ப இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இம்மாதம் சொல்லப்போகிறோம்.

நாம் முதலில் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் ஒரு முதியவர் இருந்தார். குளிர்காலம் முழுவதும் கழுத்தில் சிவப்பும் கறுப்பும் கலந்த ஒரு சால்வை. அவர் வட சிட்னிக் கழகத்து ஆதரவாளர். "உங்கள் ரீம் கடைசியாக எப்போது சம்பியனானது?" என்று அறியாத்தனமாகக் கேட்டுவிட்டோம். "1922" என்றார். நாம் பகிடி என்று நினைத்தோம். பகிடி அல்ல.

சிட்னியில் றக்பி லீக் போட்டி 1908 இல் தொடங்கியபோது இருந்த ஆரம்பக் கழகங்களில் வட சிட்னியும் ஒன்று. 1921 இலும் 1922 இலும் சம்பியனானது. அதன்பின் ஒருபோதும் இல்லை. 1943 இல் இறுதியாட்டத்துக்கு வந்து நியூரவுணிடம் தோற்றது. 1990களில் நல்ல அணி இருந்தும் இறுதியாட்டத்துக்கு ஒருபடி முன்னால் பல தடவை தடுக்கி விழுந்தது. "கரடிகள்" என்ற பட்டப்பெயர்கூடப் பழைய காலத்தது அல்ல. அயலில் இருந்த, அணிக்கு அனுசரணை கொடுத்த ஒரு சுப்பர் மார்க்கட்டின் பெயரிலிருந்து வந்தது. ஆனாலும் வட சிட்னி மைதானத்து அத்திமரங்களுக்குக் கீழே தகப்பன், மகன், பேரன் என்று தலைமுறையாக வந்து குந்தியிருந்து தோல்வியைப் பார்த்த சனம் அது.

கழகத்தை முடித்தது தோல்வி அல்ல, காசு. 1995 இல் தொலைக்காட்சி உரிமைக்காக இரண்டு பெரும் ஊடக நிறுவனங்கள் மோதியதில் றக்பி லீக் இரண்டாகப் பிளந்தது. 1997 இல் நாட்டில் இரண்டு தனித்தனிப் போட்டிகள் நடந்தன. 1998 இல் சமாதானமாகி ஒன்று சேர்ந்தபோது 20 அணிகள் இருந்தன. 2000 ஆம் ஆண்டுக்குள் அதை 14 ஆகக் குறைப்பதென்று முடிவாயிற்று. யார் இருப்பது, யார் போவது என்பதை வருமானமும் பார்வையாளர் தொகையும் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். வட சிட்னி தப்புவதற்காக வடக்கே கொஸ்வேட்டுக்குக் குடிபெயரத் திட்டமிட்டது. அங்கே புதிய மைதானம் நேரத்துக்கு முடியவில்லை. கடன் ஏறியது. 1999 முடிவில் கழகம் தனித்து நிற்க முடியாமல் மான்லியோடு இணைக்கப்பட்டது.

மான்லி யாரென்றால், பக்கத்து ஊரும் பரம எதிரியும். அந்தத் திங்கட்கிழமை முதியவர் சால்வை இல்லாமல் வேலைக்கு வந்தார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கூட்டணி அணி 2000 முதல் 2002 வரை மூன்று வருடம் இழுபட்டு முறிந்தது. போட்டியில் ஆடும் உரிமை மான்லியிடம் போய்ச் சேர்ந்தது. வட சிட்னிக்கு முதல்தரப் போட்டியில் இடமில்லை.

அதே 1999 முடிவில் சவுத் சிட்னிக் கழகமும் வெளியேற்றப்பட்டது. அவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2000 ஆம் ஆண்டில் சிட்னி நகர மத்தியில் ஏறத்தாழ 80,000 பேர் ஊர்வலம் போனார்கள். சமஷ்டி நீதிமன்றத்து மேன்முறையீட்டில் 2001 இல் வென்று 2002 இல் மறுபடி களம் இறங்கினார்கள். 2003 இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியபோதிலும் கழகம் அதற்குள் திரும்ப வேரூன்றிவிட்டது. 2014 இல் சம்பியனும் ஆனது.

வட சிட்னிக்கு அப்படி ஒரு ஊர்வலம் கிடைக்கவில்லை. அவர்கள் செய்தது வேறு. இரண்டாம் தரப் போட்டியில் அதே பெயரில், அதே சிவப்பு கறுப்புச் சட்டையில் தொடர்ந்து ஆடினார்கள். தொலைக்காட்சியும் பெருங்கூட்டமும் இல்லாத ஆட்டங்கள். எமது முதியவர் ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி போகத் தொடங்கினார். "போகாவிட்டால் உண்மையிலேயே செத்துவிடும்" என்றார். இப்படி 25 வருடம்.

இனிப் பேர்த்துக்கு வருவோம். மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு லீக் அணி புதிதல்ல. வெஸ்ரேண் றெட்ஸ் என்ற அணி 1995 இல் சேர்ந்து முதல் ஆட்டத்திலேயே வென்றது. ஆனால் எதிரணிகள் பேர்த்துக்கு வந்துபோகும் செலவையும் அந்தக் கழகமே சுமக்கவேண்டியிருந்தது. சிட்னிக்கும் பேர்த்துக்கும் இடையே விமானத்தில் 3,000 கிலோமீற்றருக்கு மேல். மூன்று பருவங்களில் கடனில் மூழ்கி, 1997 முடிவில் அணி மூடப்பட்டது. அன்று முதல் பேர்த்தில் லீக் பார்க்க விரும்பியவர்களுக்கு இடைக்கிடை வரும் ஆட்டங்கள்தான். நியூ சவுத் வேல்ஸும் குயீன்ஸ்லாந்தும் மோதும் மாநிலப் போட்டியில் ஓர் ஆட்டம் 2019 இலும் 2022 இலும் 2025 இலும் பேர்த்தில் நடந்தபோது அரங்கம் நிரம்பியது.

ஒரு பக்கம் அணியில்லாத நகரம். மறுபக்கம் இடமில்லாத கழகம். இரண்டையும் சேர்க்கும் யோசனை பல வருடமாகப் பேசப்பட்டது. 2024 இல் தனியார் குழு ஒன்றின் விண்ணப்பத்தை லீக் நிர்வாகம் ஏற்கவில்லை. பிறகு நிர்வாகமும் மேற்கு அவுஸ்திரேலிய அரசாங்கமும் நேரடியாகப் பேசி, 2025 மே மாதத்தில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. "பேர்த் கரடிகள்" 2027 பருவத்தில் 18 ஆவது அணியாகச் சேரும். நிறம் அதே சிவப்பும் கறுப்பும். முதற் பயிற்றுநராக மல் மெனிங்கா நியமிக்கப்பட்டார்.

இதில் எல்லோருக்கும் சந்தோசம் என்று சொன்னால் அது பொய்யாகும். முதியவர் இப்போது வேலையிலிருந்து ஓய்வு. செய்தி வந்தபோது தொலைபேசியில் கேட்டோம். "பெயர் இருக்கிறது, நிறம் இருக்கிறது. நான் நடந்துபோகிற மைதானம் அங்கே இல்லையே" என்றார். பேர்த்திலும் சிலருக்கு மனக்குறை. சிட்னி கைவிட்ட பெயரை நாங்கள் ஏன் சுமக்கவேண்டும், எங்களுக்கென்று ஒரு பெயர் கிடையாதா என்பது அவர்களின் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

நிர்வாகத்தின் கணக்கும் விளங்கக்கூடியதே. புத்தம்புதிய அணிக்கு முதல் நாளில் ஆதரவாளரே இல்லை. பழைய பெயரை எடுத்தால் சிட்னியில் ஒரு கூட்டம் ஆயத்தமாக இருக்கும். நேரமும் உதவும். குளிர்காலத்தில் பேர்த் இரண்டு மணித்தியாலம் பின்னால். அங்கே மாலை 6 மணி ஆட்டம் சிட்னித் தொலைக்காட்சிக்கு இரவு 8 மணி ஆட்டம். ஆனால் கணக்கு மட்டும் ஒரு கழகத்தை வாழவைக்காது என்பதற்கு றெட்ஸ் அணியே சாட்சி.

அவுஸ்திரேலிய விதி ஆட்டத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. தென் மெல்பேண் கழகம் கடன் தாங்காமல் 1982 இல் சிட்னிக்கு வந்தது. இன்று நாம் சிட்னி சுவான்ஸ் என்று அறிந்த அணி அதுதான். மெல்பேணில் பலர் கோபித்துக்கொண்டு விட்டுப்போனார்கள். சிட்னியிலோ ஆரம்பத்தில் கவனிப்பார் குறைவு. 2005 இல் அந்த அணி சம்பியனானது. 1933 க்குப் பிறகு முதல் தடவை, 72 வருடம் கழித்து. பிற்காலத்தில் சட்டையின் பின்கழுத்தில் தென் மெல்பேணின் முதலெழுத்துக்களைச் சிறிதாகப் பொறித்தார்கள். அணியும் பிள்ளைகளில் அநேகருக்கு அந்த எழுத்தின் கதை தெரியாது. கேட்டால் சொல்ல யாராவது இருக்கிறார்கள். அது போதும் என்று நினைக்கிறோம்.

இதை வாசிக்கும் உங்களுக்கு எம்மவர் கழகங்கள் நினைவுக்கு வந்திருக்கும். சிட்னியிலும் மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஊரின் பெயரிலும் கல்லூரியின் பெயரிலும் சங்கம் வைத்து வருடாவருடம் விளையாட்டுப்போட்டி நடத்துகிறோம். இன்று அந்தப் பெயரைச் சட்டையில் போட்டு ஓடும் பிள்ளைகளில் பலர் அந்த ஊரின் ஒழுங்கையைக் கண்டதில்லை. சில பெரியவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். "இவங்களுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். தெரியாதுதான். ஆனால் பெயரைப் பூட்டி வைத்துக்கொண்டு, கதையையும் சொல்லாமல், பிள்ளைகள் வரவில்லையே என்று குறைப்படுவதில் பலனில்லை. வட சிட்னிச் சனம் 25 வருடம் பெயரைக் காத்தது. இப்போது அதை முன்பின் அறியாத பிள்ளைகளிடம் கொடுக்கும் வேளை வந்திருக்கிறது. காத்ததைவிட இது அவர்களுக்குக் கடினமாக இருக்கலாம்.

பேர்த்தில் புதிதாகக் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வேறெந்தக் கழகத்துக்குப் போனாலும் பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் தாத்தாவும் அந்தக் கழகம்தான். நீங்கள் மட்டும் புதியவர். 2027 இல் பேர்த்து அரங்கில் அப்படியில்லை. அயலவருக்கும் அது முதல் வருடம், உங்கள் பிள்ளைக்கும் அது முதல் வருடம். பாட்டையும் கூச்சலையும் எல்லோரும் சேர்ந்துதான் பழகவேண்டும். வசதிப்பட்டால் பிள்ளைகளை ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். சிற்றுண்டிக்கு வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோகலாம் என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். குளிருக்கு உடுப்பு அவசியம். "நாங்கள் எந்த ரீம்?" என்ற கேள்விக்குப் பிள்ளையே பதில் கண்டுபிடிக்கும்.

நாமும் முதியவரிடம் ஒன்று கேட்டோம். பேர்த்துக்கு ஒருமுறை போவோமா என்று. "பிளேன் காசு யார் கொடுப்பது?" என்றார். மறுக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டோம்.

பேர்த் வாசகர்கள் முதல் ஆட்டத்துக்குப் போய்வந்தால் எமக்கு நாலு வரி எழுதுங்கள். முதியவருக்கும் வாசித்துக் காட்டுவோம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.